சூட்டு உடம்புக்காரி

மத்தியானம் நாங்கள் டிபன் டப்பாவைத் திறப்பதற்குள் அக்காவின் கண் அதற்குள் போயிருக்கும். "கத்திரிக்கா கொழம்பா. சூடு. மேல மோர ஊத்திக்க" என்பாள். அடுத்தவள் டப்பாவை எட்டிப் பார்ப்பாள். "பூசணிக்கா. நல்லா சாப்புடு, குளுர்ச்சி." அதற்கடுத்தவள் கோழிக் குழம்பைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவாள். மறைத்தாலும் அக்கா விடமாட்டாள். "மறச்சா சூடு போயிடுமா? சாயங்காலம் ஒண்ணுக்குப் போறப்பத் தெரியும் சேதி." உலகத்தில் இருக்கிற அத்தனையையும் சூடு, குளிர்ச்சி என்று இரண்டு கூடையில் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் அவள் பிறந்திருக்க வேண்டும். மூன்றாவது கூடை அவளிடம் இல்லவே இல்லை.

அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை. மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் எனக்குப் பக்கத்து ஸ்டூல்காரி. மெஷினிலிருந்து வந்து விழுகிற மூடிகளின் ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிளேடால் சீவி எடுத்துப் பெட்டியில் போடுவது எங்கள் வேலை. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் எழுந்திருப்போம். தலைக்கு மேலே சிமெண்டு ஷீட்டு, முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக்கை உருக்குகிற மெஷின். கத்திரி வெயில் நாளில் அந்த இரும்பு ஸ்டூலில் தோசை வார்க்கலாம். அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை. தன் பேரோடு தனக்கு வந்த நோவின் பேரைச் சேர்த்து யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதை நான் கெடுக்கமாட்டேன்.

மனிதர்களையும் அந்த இரண்டு கூடையில்தான் போடுவாள். எங்கள் சூப்பர்வைசர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். "அவன் மேல இன்னா தப்பு, பித்த சூடு. ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா எறங்கிடும்" என்றாள் ஒரு நாள். அவருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருப்பதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பிளேடை ஓட்டிவிட்டு, "அப்ப வெளக்கெண்ணதான்" என்றாள். அன்று முழுக்க அவர் எங்களைக் கடந்து போனபோதெல்லாம் நாங்கள் குனிந்துகொண்டு சிரித்தோம். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போன இடத்தில் வேறொருத்தியோடு தங்கிவிட்டவர். அதைப் பற்றிக் கேட்டால்கூட அழமாட்டாள், சபிக்கமாட்டாள். "அது சூட்டு ஒடம்பு. ஒரு எடத்துல நிக்காது" என்பாள், அவ்வளவுதான். அப்படிச் சொல்லிவிட்டால் அந்த விஷயம் முடிந்துவிடும் அவளுக்கு. அந்த வார்த்தைக்கு அப்பால் அவள் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை.

கிண்டல் செய்வோமே தவிர, அவள் சொன்னதில் பாதிக்குமேல் பலித்தது. பொய் சொல்லக் கூடாது. எங்கள் வரிசையில் கடைசி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு மூலம் தள்ளி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அக்காதான் ரயில் பாதை ஓரம் போய்த் துத்தி இலை பறித்து வந்தாள். சிறுபருப்போடு கடைந்து சாப்பிடச் சொன்னாள், விளக்கெண்ணெயில் வதக்கி வைத்துக் கட்டச் சொன்னாள். காரத்தை விடு, கருணைக்கிழங்கைச் சேர்த்துக்கொள், ராத்திரி படுக்கும்போது ஊறவைத்த வெந்தயத்தை முழுங்கு, மோரைக் குடித்துக்கொண்டே இரு, முக்காதே. இத்தனையையும் அவள் காதில் மந்திரம் மாதிரி சொல்லிக்கொடுத்தாள். இருபது நாளில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம் எங்கள் ஷெட்டில் யாருக்கு எங்கே எரிந்தாலும் டாக்டர் அக்காதான்.

மோர் குடி, தண்ணீர் குடி என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் தான் மட்டும் குடிக்கமாட்டாள். அந்தக் கதையைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

எங்கள் கம்பெனியில் பெண்களுக்கு ஒரே ஒரு கக்கூஸ். அதற்குப் பூட்டு. சாவி சூப்பர்வைசர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். தொலைந்துவிடாமல் இருக்க அதில் ஒரு சாண் நீளத்துக்கு மரக்கட்டை கட்டியிருப்பார்கள். போக வேண்டுமானால் அவரிடம் போய்க் கேட்டு, அந்தக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, லோடு ஏற்றுகிற ஆம்பிளைகள் முன்னால் நடந்து போக வேண்டும். இரண்டாம் முறை கேட்டால், "இப்பதானே போன?" என்பார். நானெல்லாம் வெட்கம் கெட்டவள், "ஆமா சார், மறுபடியும் வருது" என்று பிடுங்கிக்கொண்டு போவேன். அக்காவால் முடியாது. அவள் காலையில் வீட்டில் ஒரு டம்ளர் காப்பி குடிப்பாள். அப்புறம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர். மத்தியானம் கொண்டு வருகிற மோரை எங்கள் எல்லாருக்கும் ஊற்றிவிட்டுக் காலிப் பாட்டிலை அலசி வைப்பாள். உதடு வெடித்துத் தோல் உரிந்து கிடக்கும். எண்ணெய் தடவிக்கொள்வாள். வெளிக்கு வந்தாலும் அடக்கிக்கொள்வாள். பெரும்பாலும் அவளுக்கு வருவதே இல்லை, மூன்று நாளுக்கு ஒரு முறைதான். அதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

எனக்கு விஷயம் தெரிந்தது வேனில்தான். அவளும் நானும் கருவடிக்குப்பம். காலையில் கம்பெனி வேன் வரும், இரண்டு பேரும் கடைசி சீட்டில் உட்காருவோம். ஒரு சித்திரை மாதம் கவனித்தேன். வேகத்தடை வருவதற்கு முன்னாலேயே அக்கா முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை அரையடி தூக்கிவிடுவாள். வேன் குதித்து இறங்கியதும் மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவாள். வழியில் எங்கெங்கே வேகத்தடை, எங்கெங்கே பள்ளம் என்று டிரைவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"இன்னாக்கா, கீழ எதுனா கட்டியா?" என்று கேட்டேன்.

"வாய மூடு" என்றாள். கம்பெனி வாசலில் இறங்கிய பிறகு என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "சூடுடி. கத்திரி பொறக்கப் போவுது இல்ல, அதான். யாராண்டயாவது சொன்ன, அப்பறம் உன்னாண்ட பேசவே மாட்டேன்."

"சொல்லல. டாக்டராண்ட போலாமா?"

"லேடி டாக்டரா?"

"தெரியல, கேட்டுப் பாக்கறேன்."

"கத்திரி போவட்டும். தானா அடங்கிடும்."

நான் கேட்டுப் பார்க்கவில்லை. அவளும் அப்புறம் அதைக் கேட்கவில்லை.

அந்தக் கோடை முழுக்கச் சூட்டைத் தணிக்கிற வேலைதான். பள்ளிக்கூடம் போகிற தன் மகளின் போனில் வைத்தியர்களின் வீடியோவாகப் பார்ப்பாள். துத்தி, கருணைக்கிழங்கு, நெய்யில் வதக்கின சின்ன வெங்காயம், சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய்க் குளியல். நான் ஒரு மருந்துக் கடையில் ஆம்பிளைகள் நாலு பேர் நிற்கும்போதே மூலத்துக்குக் களிம்பு கேட்டு வாங்கி வந்தேன். கடைக்காரர் நல்லவர். வெதுவெதுப்பான தண்ணீரை அகலமான டப்பில் ஊற்றி, காலையும் சாயங்காலமும் பத்து நிமிஷம் அதில் உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், ரத்தம் வந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள் என்றார். அக்காவிடம் அப்படியே ஒப்பித்தேன். களிம்பை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வெந்நீர் என்றதும் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"சூட்டுக்குப் போயி எவனாவது சூட்ட வெப்பானாடி?"

அவள் டப்பில் உட்கார்ந்தாள், ஆனால் ஐஸ் தண்ணீரில். மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்கார அம்மாவுக்குப் பிரான்சு அரசாங்கத்துப் பென்ஷன், பெரிய ஃபிரிட்ஜ் வைத்திருந்தார்கள். தினமும் போய் மகளுக்கு ஜூஸ் போட என்று சொல்லி ஐஸ் வாங்கி வருவாள். "தெனமும் ஐஸ்ஸு குடுக்கற, உம் பொண்ணுக்குத் தொண்ட கட்டிக்கப் போவுது" என்று அந்த அம்மா திட்டிக்கொண்டே கொடுப்பார்களாம். கதவைச் சாத்திக்கொண்டு, புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மரத்துப்போகும் வரை உட்கார்ந்திருப்பாளாம். "ஜில்லுன்னு ஏறுச்சின்னா அப்பிடி ஒரு நிம்மதிடி" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

ஆடியில் காற்று அடித்ததும் வலி நின்றுவிட்டது. "பாத்தியா, நான் சொல்லல?" என்றாள். சொன்னாள்தான்.

அடுத்த வருஷம் பங்குனியிலேயே ஆரம்பித்துவிட்டது. அந்த வருஷம்தான் ரத்தம். அவளாகச் சொல்லவில்லை. அவளிடம் இருந்த மஞ்சள் புடவை, பச்சைப் புடவை எல்லாம் காணாமல் போய், அரக்கும் கருநீலமுமாகவே கட்டிக்கொண்டு வந்தாள். ஸ்டூலின் மேல் பழைய துணியை மடித்துப் போட்டுக்கொள்வாள். கேட்டவர்களுக்கு, "இரும்பு சுடுது" என்பாள். எல்லாருக்கும் சுட்டதால் யாரும் சந்தேகப்படவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் துணி மடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போனோம். நான் தண்ணீர்ப் பாட்டிலை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அக்காவின் ஸ்டூலில் மடித்த துணி வழுக்கிக் கீழே கிடந்தது. இரும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். வைகாசி மாதச் சூட்டில் ஓரமெல்லாம் காய்ந்து போயிருந்தது. மெஷின் துடைக்கிற கழிவுத் துணியை எடுத்து, யாரும் வருவதற்குள் பாட்டில் தண்ணீரைத் தொட்டுத் துடைத்தேன். மடித்த துணியைத் திருப்பிப் போட்டேன். சாப்பிடுகிற இடத்துக்குப் போனால் அவள் எவளுடைய டப்பாவையோ எட்டிப் பார்த்து, "மாங்கா ஊறுகாயா, வேற வெனையே வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள். கழுவியும் நகக்கண்ணில் சிவப்பு இருந்தது. பேச்சை நிறுத்திவிட்டுத் தன் டப்பாவை மூடினாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

சாயங்காலம் வேனில், "இது மூலம்னாலும் இவ்ளோ போவக் கூடாதுக்கா. வா போலாம், நான் கூட வர்றேன்" என்றேன். அன்றைக்குச் சொன்னேன். அதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

"பொண்ணு பிளஸ் டூ போறா. இந்த வருஷம் ஒண்ணும் வேணாம். கத்திரி போவட்டும்" என்றாள்.

கத்திரி போனது. ஆடிக் காற்றும் அடித்தது. அந்தத் தடவை அவள், "பாத்தியா" என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் ஜாக்கெட்டின் கை தொளதொளவென்று ஆனதைப் பார்த்தேன். "எளச்சிட்டக்கா" என்று யாரோ சொன்னதற்கு, "வேர்த்து வேர்த்து கொழுப்பு எறங்கிடுச்சி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் சுகாதார நிலையத்துக்காரர்கள் ஒரு முகாம் போட்டார்கள். நான் ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். அங்கே இருந்த நர்ஸம்மா பெண்களையெல்லாம் உட்கார வைத்துப் பேசினார். வெளிக்குப் போகும்போது ரத்தம் வருவதெல்லாம் மூலம் என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது, வாரக்கணக்கில் போனால், உடம்பு இளைத்தால், போய்விட்டு வந்த பிறகும் இன்னும் இருக்கிற மாதிரியே இருந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும், ஆரம்பத்திலேயே பார்த்தால் ஒன்றும் ஆகாது என்றார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் எனக்கு அக்காவின் முகம் வந்தது. நாளைக்கே சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் வேனில் டிரைவர் பாட்டு போட்டிருந்தார், பேச முடியவில்லை. அதற்கு மறுநாள் அவள் வரவில்லை. அப்புறம் தீபாவளி வந்துவிட்டது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் சூரியனே இல்லை. சுவரெல்லாம் ஈரம், துணி காயவில்லை, கம்பெனியில்கூடக் குளிர் அடித்தது. ஒரு சாயங்காலம் திரும்பி வரும்போது ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். வேன் நின்றுவிட்டது. முன்னால் இருந்தவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசி சீட்டில் நாங்கள் இரண்டு பேர். அக்கா கண்ணாடியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"இப்பவும் போவுதுடி."

"இன்னாக்கா?"

"ரத்தம். வெயிலே காணும், பத்து நாளாவுது. இப்பவும் போவுது."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி, இது சூடுதானா?"

அத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. சொல்வாள். எல்லாருக்கும் சொல்வாள். அன்றைக்குக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். நர்ஸம்மா சொன்னது அப்படியே வாயில் நின்றது. சொன்னால் மறுநாள் காலையில் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், ஒரு நாளில் முடிகிற காரியமில்லை, கம்பெனியில் பொங்கல் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது, லீவு போட்டால் அப்புறம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியது பயம். அந்த வார்த்தையை என் வாயால் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்கிற கோழைத்தனம். இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"மழத் தண்ணி கீழ எறங்குனா பூமி உள்ள இருக்கற சூட்டக் கெளப்பி வுடும்க்கா. அதான்" என்றேன்.

அவளுடைய பாஷையிலேயே சொன்னேன். எவ்வளவு சரளமாக வந்தது எனக்கு. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "ஆமா இல்ல" என்றாள். திரும்பவும் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேன் ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பியது.

மாசி மகத்துக்கு மறுநாள் அக்கா ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்தாள். பிளேடு கையில் இருந்தது, நல்லவேளை யாருக்கும் படவில்லை. முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. சூப்பர்வைசர்தான் தூக்கினார், அவரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். கேள்வி கேட்ட டாக்டர் ஒரு சின்னப் பையன், என் தம்பி வயதுகூட இருக்காது.

"எப்பலேர்ந்தும்மா ரத்தம் போவுது?"

"கத்திரிலேர்ந்து."

"இப்ப மாசிதானே. எந்தக் கத்திரி?"

அக்கா என்னைப் பார்த்தாள். "போன கத்திரி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அதுக்கு முந்துன வருஷமே வலிதான்" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். திரையை இழுத்து, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு நர்ஸைப் பக்கத்தில் நிற்க வைத்து, "ஒருக்களிச்சிப் படுங்கம்மா. வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்றார். அவள் லேடி டாக்டரா என்று கேட்கவில்லை. திரைக்கு வெளியே நான் நின்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்குப் பயந்துதான் இரண்டு வருஷம். ஐஸ் தண்ணீரும் அரக்குப் புடவையும் எனக்கு மாற்றி மாற்றி ஞாபகம் வந்துகொண்டே இருந்தன.

வெளியே வந்து என்னிடம் சொன்னார். "மூலமும் இருக்கு. அவங்க நெனச்சது தப்பு இல்ல. ஆனா அதுக்கு மேல ஒரு கட்டி இருக்கு. கைக்கே தட்டுப்படுது. ஸ்கேன் எடுத்துப் பாக்கணும், சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

எல்லாம் எடுத்தார்கள். ஈரல் வரைக்கும் போய்விட்டது என்று வந்தது. ஆறு மாசம் முன்னால் வந்திருந்தால் என்று நான் கேட்டேன். "அப்ப வேற மாதிரி இருந்திருக்கலாம். இப்ப அதப் பேசிப் பிரயோஜனமில்ல" என்றார் அந்தப் பையன். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்காவின் மகளுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பாதி சொன்னோம், பாதி சொல்லவில்லை. கம்பெனிக்கு ரத்தசோகை என்றே சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பார்க்க வந்தார்கள். கடைசி ஸ்டூல் பெண் துத்திக்கீரைக் கடைசல் கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு மட்டும் ஏதோ சந்தேகம் தட்டியிருக்கிறது போலும். அக்காவின் காதோடு, "நீ சொல்லித்தான்க்கா எனக்கு நின்னுச்சி. உனக்கும் நிக்கும்" என்றாள். வாய்க்கு எதுவும் பிடிக்காமல் இருந்த அக்கா, அவள் ஊட்டிய மூன்று கவளத்தையும் வாங்கிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். நான்தான் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். போவதற்கு நாலைந்து நாள் முன்பு, வார்டில் மத்தியான நேரம். மேலே ஃபேன் சுற்றியது, அனல்தான் வந்தது. நான் ஈரத் துணியால் அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எலும்பும் தோலுமாக இருந்தது கை. மகள் கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"அன்னைக்கு மழையில, வேனு நின்னுச்சே. உன்னாண்ட ஒண்ணு கேட்டேன்."

"ஆமாக்கா" என்றேன்.

"சூடா இல்லையான்னு எனக்குத் தெரியாதாடி? ஊருக்கே சொன்னவ நானு. சூடுன்னு சொல்லிக்கணும்னா நானே சொல்லிக்கினு இருந்திருப்பேன். உன்ன எதுக்குக் கேக்கணும்?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இல்லக்கா, இது அது இல்ல, எழுந்து வா போலாம்னு இழுத்துக்கினு போவன்னு பாத்தேன். அதுக்குத்தான்டி கேட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நான் அழுகிற சத்தம் கேட்டிருக்க வேண்டும், கண்ணைத் திறந்தாள். வார்டு வாசலில் மகள் மருந்துப் பையோடு வந்துகொண்டிருந்தாள்.

"தொடச்சிக்க. புள்ள பாத்துடப் போவுது" என்றாள்.

கையில் இருந்த அந்த ஈரத் துணியாலேயே துடைத்துக்கொண்டேன்.